யூனுஸ் மன்சில் வாசலில் ஒரு சரிவு

ராஜாங்கத்தைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் வாயில் வருவது திட்டுதான். பிடிவாதக்காரன், ரோஷக்காரன், சோறு தின்னும்போது கூப்பிட்டால் ஏனென்று கேட்க மாட்டான். அத்தனையும் சொல்லி முடித்த பிறகுதான் அவன் எங்கள் வீட்டுப் பிள்ளை என்று சொல்ல வரும். என் கடைசித் தம்பி வயது என்பதால் அவன் இவன் என்றே எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகலாம், நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

எங்கள் லாட்ஜ் நாகூரில், தர்காவுக்குப் போகிற தெருக்களில் ஒன்றில் இருக்கிறது. பெயர் யூனுஸ் மன்சில். யூனுஸ் என் வீட்டுக்காரர். பினாங்கில் சம்பாதித்ததையெல்லாம் இந்தச் செங்கல்லில் கொட்டிவிட்டு, மறுபடி சம்பாதிக்கப் பினாங்குக்கே போய்விட்டார். லாட்ஜ் என் தலையில் விழுந்தது. கட்டும்போது, "புயல் வந்தா கடல் வீட்டுக்குள்ள வரும் ரஹ்மத்து, உசத்திக் கட்டுவோம்" என்று தரையை ஆள் இடுப்பு உயரத்துக்கு எழுப்பினார். எழுபத்தேழில் புயல் வந்தபோது தெருவே மிதந்தது, எங்கள் கூடத்தில் விரித்த பாய்கூட நனையவில்லை. நல்ல யோசனைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த உயரத்துக்குக் குத்துக்குத்தாகப் படி. வருகிறவர்கள் யார்? நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் நோய்நொடி தீர வேண்டிக்கொண்டு வருகிறவர்கள். கால் விழுந்தவர்கள், இடுப்பு விழுந்தவர்கள், இளம்பிள்ளைவாதம் வந்த பிள்ளைகள். அவர்கள் வந்து தங்குகிற லாட்ஜில் அவர்களால் ஏற முடியாத படி. அது யாருக்கும் ஒரு குறையாகவே தெரியவில்லை, ஏனென்றால் எங்களிடம் ராஜாங்கம் இருந்தான்.

அவன் நீடாமங்கலத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் பண்ணையாளாக இருந்தவன். ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று சொல்லி உதயசூரியன் ஆட்சிக்கு வந்திருந்த சமயம். அந்த அரிசியை விளைய வைத்தவர்கள் கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதற்கு ஊருக்கு ஊர் அடிதடி, போலீஸ், வெளியூரிலிருந்து அறுவடைக்கு ஆள். மிராசுதார் வீட்டுக்குப் பண்ணையாட்கள் கொல்லைப்புறமாகத்தான் போக வேண்டும். கூலியானாலும் கஞ்சியானாலும் கொல்லையில்தான். ராஜாங்கம் ஒரு நாள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முன்வாசல் வழியாகப் போய்க் கூலி கேட்டான். அன்றைக்கே அவன் குடிசையைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். பெண்டாட்டி அம்சத்தைக் கூட்டிக்கொண்டு ரயிலேறி, தண்டவாளம் எங்கே முடிகிறதோ அங்கே இறங்கினான். அப்போது தண்டவாளம் முடிகிற ஊர் நாகூர்.

வேலை கேட்டு எங்கள் வாசலில் வந்து அவன் நின்ற நேரம், ஒரு பெரியவரை வண்டியிலிருந்து இறக்க முடியாமல் அவர் மகன்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். நல்ல கனத்த உடம்பு. ராஜாங்கம் துண்டை உதறித் தோளில் விரித்தான், குனிந்தான், பெரியவரை அப்படியே அள்ளிக்கொண்டு ஏறிப்போய்க் கூடத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு இறங்கி வந்தான். மூச்சுகூட வாங்கவில்லை. "நெல்லு மூட்டை தூக்கின உடம்புக்கு இதெல்லாம் பூ மூட்டை பீவிம்மா" என்றான். அன்றைக்கே வேலை.

பிறகு அவன் பேர் பரவிய பரவலைப் பார்க்க வேண்டுமே! ரூம் இருக்கா என்று கேட்பதற்கு முன்னால், "ராஜாங்கம் இருக்காரா?" என்று கேட்பார்கள். வியர்வை மேலே படக்கூடாது என்று தினமும் துவைத்த துண்டு. எங்கள் ஆட்களைத் தூக்கும்போது "பிஸ்மில்லா" என்பான், வேளாங்கண்ணி போகிறவர்களுக்கு "மாதாவே", மற்றவர்களுக்கு "முருகா". அவனுக்கென்று இருந்தது செங்கொடி ஒன்றுதான், சாமி கிடையாது. கேட்டால், "அவங்க பயம் போகணும்ல, அதுக்குத்தான்" என்பான். படி ஏறி உட்கார்ந்தவர்கள் மனசாரக் கொடுப்பதுதான் அவன் வீட்டு உப்பு புளி மிளகாய். எங்கள் சம்பளத்தில் அரிசி மட்டும்தான் வரும்.

ஒரு நாள் வெயில் தாழ்ந்த நேரம், சைக்கிள் கொட்டகையில் பீடி பிடித்துக்கொண்டே என்னிடம் சொன்னான். "நான் தொட்டா தீட்டுன்னு சொன்ன ஊர்ல பொறந்தேன் பீவிம்மா. இங்க செட்டியாரு, ஐயரு, மரைக்காயரு, அத்தனை பேரும் என் கழுத்தைக் கட்டிக்கிட்டுதான் மேல போறாங்க." சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவனைத் திட்டுவதற்காக வந்தது எனக்கு மறந்துபோய்விட்டது.

ரெட்டை இலை ஆட்சி, பள்ளிக்கூடங்களில் சத்துணவு போட ஆரம்பித்ததற்கு அடுத்த வருஷம். பொங்கல் லீவில் ஒரு டீச்சர் வந்து இறங்கினார். பெயர் கண்ணாத்தாள், ஊர் சிவகங்கைப் பக்கம், முப்பத்தைந்து வயதிருக்கும். ஆட்டோவின் பின்னால் மடக்கு சக்கர நாற்காலி ஒன்று கயிற்றால் கட்டியிருந்தது. கூட யாரும் இல்லை. சுருட்டி வைத்த கால் இரண்டும் குச்சி குச்சியாகத் தெரிந்தன.

ராஜாங்கம் வழக்கப்படி துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "முருகா" என்று குனிந்தான்.

"வேண்டாம். நீங்க என்னைத் தூக்க வேண்டாம்" என்றார் டீச்சர். குரலில் ஒரு கண்டிப்பு.

குனிந்தவன் குனிந்தபடியே நின்றான். பிறகு நிமிர்ந்தான். முகம் கன்றிப்போய்விட்டது. அவன் பிறந்த மண்ணில் ஒருத்தி அவனை வேண்டாம் என்று சொல்ல ஒரே ஒரு காரணம்தான் உண்டு. பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் வேறு காரணம் தோன்றவில்லை. "வேற ஆளை வரச் சொல்லவா? எந்தத் தெரு ஆளு வேணும்னு சொல்லுங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"யாரும் வேண்டாங்க. வண்டியை மட்டும் மேல வச்சாப் போதும்."

ராஜாங்கம் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு கொட்டகைப் பக்கம் போய்விட்டான். ஆட்டோக்காரர் நாற்காலியை மேலே கொண்டுபோய் வைத்தார். டீச்சர் ஆட்டோவிலிருந்து கையை ஊன்றி இறங்கினார், முதல் படியில் படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார், இரண்டு கையையும் மேல்படியில் ஊன்றி உடம்பைத் தூக்கி வைத்தார். அப்படியே ஒவ்வொரு படியாக. புடவையெல்லாம் தெருப்புழுதி. தர்காவுக்குப் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். யா அல்லா, எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. கொட்டகை மூலையில் நின்று ராஜாங்கமும் பார்த்தான்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஜாதியா? டீச்சர் முகம் கழுவி வந்ததும் போய் நின்றேன்.

"எங்க ராஜாங்கம் கையில என்ன குறை கண்டீங்க? எத்தனை பெரிய மனுஷங்களைத் தூக்கின கை அது! படிச்சவங்க நீங்களே இப்படி ஜாதி பாத்தா எப்படி?"

டீச்சர் திகைத்துப்போனார். "ஜாதியா? ஐயையோ, அவர் அப்படியா நினைச்சுட்டாரு? எங்க அப்பா வந்து தூக்கினாலும் நான் வேண்டாம்னுதாங்க சொல்வேன். அவரைக் கொஞ்சம் கூப்பிடுங்களேன்."

ராஜாங்கம் வந்து கூடத்து நிலையருகே நின்றான். முகத்தை மட்டும் தெருப்பக்கம் வைத்துக்கொண்டான்.

"அண்ணே" என்றார் டீச்சர். அவனை அண்ணே என்று கூப்பிட்ட முதல் விருந்தாளி அவர்தான். "சின்ன வயசுலேர்ந்து என்னைத் தூக்காத ஆள் கிடையாது. தூக்குறவங்க எல்லாம் நல்லவங்கதான். எங்க சித்தப்பா மக கல்யாணத்துல தூக்கிட்டுப் போயி மண்டபத்துல முன்வரிசையில வச்சாங்க. எல்லாரும் சாப்பிடப் போனாங்க, மாப்பிள்ளை ஊர்வலம் போனாங்க. எனக்கு ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு வருது. யாருக்காவது என் ஞாபகம் வர்ற வரைக்கும் அந்த நாற்காலியிலதான் இருக்கணும். தூக்கிட்டுப் போற இடத்துக்குத்தான் போகலாம், வச்ச இடத்துலதான் இருக்கலாம். அன்னைக்கு முடிவு பண்ணேன், இனிமே என்னை யாரும் தூக்கக் கூடாதுன்னு. உங்க கைமேல எனக்கு என்ன கோபம்?"

ராஜாங்கம் முகத்தைத் திருப்பி டீச்சரைப் பார்த்தான். "வச்ச இடத்துல இருக்கணும்..." என்று தனக்குள் முணுமுணுத்தான். பண்ணையில் இருந்தவனுக்கு அது புரியாமல் போகுமா? பிறகு, "எதுக்கும்மா வந்தீங்க, தர்காவுக்கா, மாதா கோயிலுக்கா?" என்று கேட்டான்.

"ரெண்டுக்கும் இல்லண்ணே. எனக்கு ஒண்ணும் தீர வேண்டாம். கடலை இதுவரைக்கும் பார்த்ததில்லை. லீவு கிடைச்சது, பார்க்க வந்தேன்."

கால் நடக்காத ஒருத்தி, வேண்டுதல் ஒன்றும் இல்லாமல், நம்மைப் போலச் சும்மா ஊர் சுற்றிப் பார்க்க வருவாள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் அதுவரை தோன்றியதே இல்லை. நாங்கள் பேந்தப் பேந்த விழித்ததைப் பார்த்து டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னை மாதிரி சிநேகிதிங்க நாலஞ்சு பேர் இருக்கோம்" என்றார். "சித்திரை லீவுல எல்லாரும் வரணும்னு ஆசை. எந்த ஊர் லாட்ஜுன்னு பாத்தாலும் படி. இங்க நாங்களா உள்ள வந்து நாங்களா வெளிய போற மாதிரி இருந்தா வருவோம்."

எனக்கு உடனே ஒரு யோசனை. எங்கள் வீட்டுப் பெண்கள் போய்வர, லாட்ஜுக்குப் பக்கவாட்டில் ஒரு முடுக்குச் சந்து உண்டு. அந்தப் பக்கம் மண்ணைக் கொட்டித் தெருவையே உயர்த்தியிருந்ததால் அடுக்களை வாசலுக்கு ஒரே படிதான். "அந்த வழியா வந்துட்டாப் போச்சு! ஒரு பலகையைப் போட்டா ஜோலி முடிஞ்சது" என்றேன்.

ராஜாங்கம் சட்டென்று திரும்பினான். "அது கொல்லை வாசலும்மா."

"அதனால என்னப்பா?"

"அடுக்களை வழியா, பாத்திரம் கழுவுற தண்ணியைத் தாண்டி வரச் சொல்றீங்களா? கொல்லைப்பக்கமா வான்னு சொன்னவங்ககிட்டதான் நான் வீட்டைத் தோத்துட்டு வந்தேன். நம்ம வீட்டுக்கு வர்றவங்களை நான் அந்த வழியா வரச் சொல்ல மாட்டேன். முன்வாசல்லதான் வழி பண்ணணும்."

"முன்வாசல்ல வழி பண்ணிட்டா அப்புறம் உன்னை யாரு கூப்பிடுவா? ராஜாங்கம் இருக்காரான்னு யாரு கேப்பா? உன் சோத்துல நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கறியே, புத்தி இருக்கா உனக்கு?"

நான் கத்திய கத்தலுக்குப் பதில் தாழ்ந்த குரலில் வந்தது. "தெரியும்மா. அம்சமும் இதைத்தான் கேப்பா. என்ன சொல்றதுன்னு தெரியல. ஆனா கட்டணும்."

அடுத்த நாளே அரிசி மண்டியிலிருந்து நீளப் பலகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து படிமேல் சாய்த்தான். லாரியில் மூட்டை ஏற்றச் சாய்க்கிற பலகை. "பாருங்க டீச்சர், மூட்டையோட ஓடியே ஏறிடுவோம்" என்று தடதடவென்று ஏறிக் காட்டினான். டீச்சர் உருட்டிக்கொண்டு பாதி ஏறுவதற்குள் நாற்காலி முன்சக்கரம் தூக்கிப் பின்னால் சாய்ந்தது. நல்லவேளை, ராஜாங்கம் பாய்ந்து பிடித்தான். டீச்சர் பயந்திருப்பார் என்று பார்த்தால், "மூட்டைக்கு நீங்க காலு. எனக்குக் கைதானே அண்ணே காலு!" என்று சிரிக்கிறார். ஏற வேண்டிய உயரத்தைப்போலப் பத்துப் பன்னிரண்டு மடங்கு நீளம் ஓட வேண்டும், நடுவில் நின்று மூச்சு வாங்கச் சமதளம் வேண்டும், ஓரத்தில் சக்கரம் நழுவாமல் ஒரு வரப்பு வேண்டும் என்று சொன்னார். வரப்பு என்றதும் ராஜாங்கத்துக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது.

அவ்வளவு நீளத்துக்கு வாசலில் எங்கே இடம்? மதிலோரமாக ஓடித் திரும்பித்தான் வர முடியும். திட்டிக்கொண்டேதான் நான் காசை எடுத்துக் கொடுத்தேன். சைக்கிள் கொட்டகையைப் பிரித்தான். தெருப் பெண்கள் எல்லாம் பெருநாளைக்குப் பறிக்கிற என் மருதாணிச் செடியை வேரோடு தோண்டினான். அன்றைக்கு நான் அவனோடு பேசவில்லை. சிமென்ட் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த காலம். அதற்கு அலைந்ததில் அவன் செருப்பு தேய்ந்தது, சித்தாள் வேலை முழுக்க அவனே பார்த்தான், கொத்தனாரோடு தினமும் சண்டை வேறு. சரிவு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க மண்டித் தள்ளுவண்டியில் அம்சத்தை உட்கார வைத்துத் தள்ளினான். "கட்டினவளைக் கொன்னுட்டு எவளைக் கொண்டாரப் போறே?" என்று அம்சம் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

கூடத்தையொட்டிய ரூம் ஒன்றில் கக்கூஸ் கதவை அகலமாக்கினான். பிடித்து எழுந்திருக்கச் சுவரில் கம்பி பதித்தான். கட்டில் காலை அறுத்து நாற்காலி உயரத்துக்குக் கொண்டுவந்தான். இத்தனையும் செய்தவன், ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் பழைய படியருகே போய் நின்று யாராவது வருகிறார்களா என்று தெருவைப் பார்ப்பான். வந்தவர்களைத் தூக்கிக்கொண்டு ஏறுவான். இறங்கி வரும்போது முகம் வாடியிருக்கும்.

சித்திரையில் டீச்சர் சொன்னபடி சிநேகிதிகளோடு வந்துவிட்டார். இரண்டு பேர் சக்கர நாற்காலி, ஒரு பெண் கையால் சுற்றுகிற மூன்று சக்கர வண்டி, இன்னொருத்தி கக்கத்துக் கட்டைகள். ஒருவர் பின் ஒருவராகச் சரிவில் ஏறினார்கள். சமதளத்தில் நின்று மூச்சு வாங்கினார்கள், திரும்பினார்கள், மறுபடி ஏறினார்கள். ஒருத்தி பாதி வழியில் இறங்கி மறுபடி ஏறினாள், சும்மா, ஆசைக்காக. பேச்சும் சிரிப்புமாகக் கூடம் நிறைந்துபோனது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

ராஜாங்கம் கீழே தெருவில் நின்றுகொண்டிருந்தான். துவைத்த துண்டு தோளில் விரித்தபடி இருந்தது. பழக்க தோஷம். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒருமுறை கட்டினான், ஒருமுறை பின்னால் கோத்துக்கொண்டான்.

மேலேயிருந்து டீச்சர் எட்டிப் பார்த்தார். "ராஜாங்கம் அண்ணே, அங்க என்ன பண்றீங்க? மேல வாங்க, டீ ஆறுது!"

அவன் நகரவில்லை. நான் இறங்கிப் போனேன். "கூப்பிடறாங்கல்ல? போயேன்."

தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தான். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"யாரையும் தூக்காம எப்படி பீவிம்மா உள்ள போறது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷத்தில் அவன் அந்தக் கூடத்துக்குள் யாரையாவது எதையாவது சுமந்துகொண்டுதான் போயிருக்கிறான். கொண்டுபோய் வைப்பான், உடனே இறங்கிவிடுவான். பேச ஏதாவது இருந்தால் நிலையருகே நிற்பான். போகாதே என்று யாரும் சொன்னதில்லை. அவனே தனக்குப் போட்டுக்கொண்ட கட்டு அது, ஊரிலிருந்து கூடவே கொண்டுவந்திருக்கிறான். அழுகை வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"காலாலதான் போகணும், வேற எப்படி? வந்தவங்களைக் காக்க வைக்காதே, நட!" என்று முதுகில் ஒரு தள்ளு தள்ளினேன்.

படிப்பக்கம் போகாமல் சரிவில் ஏறினான். தான் கட்டியதில் முதல் தடவையாகத் தானே, வெறுங்கையோடு, மெதுவாக. உள்ளே டீச்சர் தன் பக்கத்தில் ஒரு நாற்காலியைக் காலியாக வைத்திருந்தார். "உக்காருங்கண்ணே" என்றார். ராஜாங்கம் நுனியில் உட்கார்ந்தான்.

"நாளைக்கு எல்லாரும் கடலுக்குப் போறோம்" என்றார் டீச்சர். "போன தடவை ரோட்டுலேர்ந்து பாத்துட்டுத் திரும்பிட்டேன். மணல்ல சக்கரம் புதையுது. எங்களுக்கு வழி பிடிபடல. அலையில காலை நனைக்கணும், தூக்கவும் கூடாது. என்ன பண்ணலாம், நீங்க சொல்லுங்க."

எல்லா முகங்களும் அவனையே பார்த்தன. அவன் நாற்காலியில் நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்தான். "மண்டியில பலகை நிறைய கெடக்கு" என்று ஆரம்பித்தான். "வரிசையா போட்டுக்கிட்டே போவோம். ஆனா முதல்ல மணல் எங்க கெட்டியா இருக்குன்னு நான் பாத்துட்டு வரணும்." சக்கரம் எவ்வளவு அகலம், பலகைக்கும் பலகைக்கும் எவ்வளவு இடைவெளி தாங்கும் என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டான். கேட்டுக்கொண்டே போனவன் சட்டென்று நிறுத்திவிட்டு, எதிரே இருந்த ஜன்னலைப் பார்த்தான். அவன் உட்கார்ந்திருந்தது, எத்தனையோ பேரை அவனே தூக்கி வந்து உட்கார வைத்த நாற்காலி.

"பீவிம்மா, இங்கேருந்து தர்கா மினாரா தெரியுதும்மா" என்றான்.

"தெரியும் வாப்பா" என்றேன், எங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரி. "டீயைக் குடி."